கூடை மாமாவின் காது

“ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பேச வச்சவன் வீட்டுல ஒண்ணு வாயே தொறக்காம உக்காந்திருக்குன்னு நாலு பேரு சொன்னா எனக்குத்தான் அசிங்கம், உனக்கென்ன?” என்று ஒரு சொல் சிந்தாமல் அப்படியே திருப்பிச் சொன்னாள் வடிவு. அதைச் சொன்ன கணவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தியாயிற்று. அவள் சொன்னது தோசைக்கல்லிடம். உனக்கென்ன. எனக்கென்ன, நான் இந்த வீட்டில் வாடகைக்கு இருக்கிறவள், பிள்ளை மாடிக்காரி பெற்றது, எனக்கென்ன. தோசை ஓரம் சிவந்து கல்லை விட்டு எழும்பியது, புரட்டிப் போட்டாள், அந்தப் பக்கமும் உனக்கென்ன என்றது. உள்ளே தண்ணீர் விழுகிற சத்தத்தோடு அவர் தொண்டையைச் சரிசெய்துகொள்கிற சத்தமும் வந்தது, ம்ம், ம்ம்ம், ஆ, குரலுக்குப் பயிற்சியாம். மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் டாக்டராக ஏறி இறங்கிய காலத்தில் அந்தத் தொண்டைக்கு ஒரு மிளகுகூடக் கிடைத்ததில்லை, இப்போது தினம் பாலில் மஞ்சள், பனங்கற்கண்டு, வீட்டில் உரக்கப் பேசுவதில்லை என்று விரதம். ஆவுடையப்பன் என்ற பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருக்கிறது. ஊருக்கு அவர் கூடை மாமா. ஞாயிற்றுக்கிழமை காலையில், இன்னும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சியில் பேச்சும் பொருளும் சொல்லிக்கொடுக்கிற கூடை மாமா. இன்றைக்கு அந்த மாமாவை வீட்டில் வைத்துப் படம் எடுக்க ஒரு வாரப் பத்திரிகையிலிருந்து வருகிறார்கள். நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே வருவார்களாம், பெட்டிக்குள் ஒரு மாமா, பெட்டிக்கு வெளியே ஒரு மாமா, நடுவில் பிள்ளைகள், அட்டைப்படமாகவே வந்தாலும் வருமாம். அந்தப் பிள்ளைகளில் வேலாயுதம் கிடையாது. வேலாயுதம் அவர் பெற்றது. ஐந்து வயது முடிந்துவிட்டது, இன்னும் ஒரு சொல் பேசவில்லை. அவன் இடத்தில் உட்கார அவருடைய தம்பி மகள் நிவேதா பெரம்பூரிலிருந்து ஆட்டோ ஏறியிருப்பாள். “கொஞ்ச நேரம் மாடியில பத்மா வீட்டுல விட்டுட்டு வான்னுதான்ட்டி சொல்லுதேன், கெணத்துலயா தள்ளச் சொல்லுதேன்?” இதுவும் அவர் சொன்னதுதான். கிணறு எங்கிருந்து வந்தது? அவள் கிணறு என்று சொல்லவில்லை, இந்த அடுக்குமாடியில் கிணறே கிடையாது. ஒருவர் வாயில் ஒரு சொல் வருகிறதென்றால் அது வருவதற்கு முன்னால் எங்கேயோ இருந்திருக்க வேண்டும். தோசை கருகியது. கருகட்டும், பெரிய மனுஷர் தட்டில் இதுதான் விழப்போகிறது.

கூடத்தில் நிகழ்ச்சியின் ஆரம்பப் பாட்டு கேட்டது, தவில் மாதிரி ஒன்றும் குருவிச் சத்தம் மாதிரி ஒன்றும். அவள் எட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. சத்தம் கேட்டதும் வேலா எங்கே இருந்தாலும் வந்துவிடுவான், சாப்பாட்டில் பாதியில், மூத்திரத்தில் பாதியில், கால்சட்டையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்து பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதவன். அடுப்பை அணைத்துவிட்டுப் போய் நிலையில் சாய்ந்து நின்றாள். திரையில் அவர் வந்தார். மீசையை எடுத்துவிட்டு, மஞ்சள் ஜிப்பா போட்டு, கன்னத்தில் ஏதோ பூசி, சிரித்துக்கொண்டு. இந்தச் சிரிப்பை எங்கே வைத்திருந்தார் இவ்வளவு நாளும்? பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட இது வெளியே வரவில்லை. கையில் ஓலைப்பெட்டி, அவள் அம்மா வீட்டிலிருந்து கருப்பட்டி வந்த பெட்டி, அதைத்தான் கூடை என்று பேர் வைத்து ஊரெல்லாம் காட்டுகிறார். அதற்கு மேல் மூடிய சிவப்புத் துணி அவளுடைய பழைய ரவிக்கைத் துண்டு. உள்ளே இருப்பது என்னவென்றும் அவளுக்குத் தெரியும், முறுக்கு உரல், போன மாதம் அலமாரியில் காணாமல் தேடு தேடென்று தேடி வேலைக்காரியைச் சந்தேகப்பட்டு அவளும் நின்றுபோனாள். இப்படித்தான் டீ வடிகட்டி போயிற்று, இடியாப்பத் தட்டு போயிற்று, அஞ்சறைப்பெட்டி கடுகோடும் மிளகோடும் போயிற்று. ஒவ்வொன்றாக அவள் சமையலறை காலியாகி ஸ்டுடியோவில் போய்ப் பாடமாகிக்கொண்டிருக்கிறது. முதலில் இந்த யோசனையையே சொன்னவள் யார்? பிள்ளைக்குப் பொம்மையைக் காட்டாதீர்கள், வீட்டுச் சாமானைக் காட்டுங்கள், மூடிவைத்துக் காட்டுங்கள் என்று இதே நிலையில் சாய்ந்துகொண்டு சொன்னவள் யார்? அது பேட்டியில் வராது. பேட்டியில் அவர் சொல்லப்போகிறது அவளுக்கு வரிக்கு வரி தெரியும், “குழந்தைகளை நாம கவனிச்சாப் போதும்ங்க, அவங்களே நமக்குச் சொல்லிக்கொடுத்துடுவாங்க.” கவனிச்சா. பட்டு மாதிரி சொல், எச்சில் படாமல் வரும்.

ஊர் கொண்டாடுகிறதே, அதைச் சொல்ல வேண்டும். கடைக்குப் போனால் உளுந்து கட்டுகிறவர் உட்பட மாமா சௌக்கியமா என்கிறார்கள். சாப்பிடாத பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள், சார் ஒரு வார்த்தை சொல்லுங்க சார், நீங்க சொன்னாத்தான் கத்திரிக்காய் சாப்பிடுவான். அவரும் லுங்கியிலிருந்து வேட்டிக்கு மாறி, தெருவாசலுக்கு இறங்கிப் போய் அந்தக் குரலில் சொல்வார். இருமல் மருந்தோடு வந்தவளும் உண்டு. பத்திரிகையில் ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பிள்ளைகள் பதில் சொன்னதும் மாமா கேட்டுடுச்சு என்று கொச்சையாகச் சொல்லிப் பிஞ்சுகளைக் கெடுக்கலாமா, கேட்டுவிட்டது என்று சொல்லக் கூடாதா என்று எழுதினார், சேனல்காரர்களும் பயந்து மாற்றினார்கள், அவர் கேட்டுவிட்டது என்றதும் மாநிலம் பூராவும் பிள்ளைகள் யாரோ வேறே ஆள் வந்துவிட்டதாக நினைத்து அழுதார்களாம், திரும்பவும் கேட்டுடுச்சு. போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில் ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு, எங்க பாப்பா பேசின மொதல் வார்த்தையே கூடைதாங்க, அம்மான்னுகூட அதுக்கப்புறம்தான் சொன்னா என்றாள். என்ன பெருமையோ. வடிவு அன்றைக்குச் சிரித்தாள், பல்லைக் காட்டினாள் என்று சொல்வதே சரி, வீட்டுக்கு வந்து தலைவலி மாத்திரை போட்டுப் படுத்தாள். அவளுக்கு அந்தப் பாப்பா மேல் வந்தது பொறாமை இல்லை, வயிற்றெரிச்சலும் இல்லை, அதற்கு வேறே பெயர் இருக்க வேண்டும், கான்வென்டில் ஆங்கிலத்தில் ஏதாவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள், ஞாபகம் வரவில்லை.

திரையில் அவர் சிவப்புத் துணியைத் தொட்டார். “உள்ளே என்ன இருக்கு? சத்தமா சொல்லுங்க பார்ப்போம், மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்.” கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, வாயைப் பாதி திறந்து, காத்திருந்தார். எல்லாரும் மயங்குகிற இடம் இதுதான். வீடு வீடாகப் பிள்ளைகள் கத்துகிற சத்தம் இந்தக் கட்டடத்திலேயே மேலேயும் கீழேயும் கேட்கும், குழாய், உரல், துப்பாக்கி என்று எதையாவது. என்ன கத்தினாலும், கத்தவே இல்லாவிட்டாலும், அவர் முகம் மலரும், “கேட்டுடுச்சு, கேட்டுடுச்சு.” ஸ்டுடியோவில் எதிரே யார் இருக்கிறார்கள்? காமிராக்காரர் ஒருவர், விளக்குக்காரர் ஒருவர், காது குடைந்துகொண்டு. ஒன்றும் கேட்கவில்லை, ஆனாலும் கேட்டுடுச்சு. வேலா எழுந்தான். இப்போது எழுவான், எப்போதும் இந்த இடத்தில் எழுவான். பெட்டிக்குக் கிட்டே போனான், கண்ணாடியில் அப்பாவின் காது இருக்கிற இடத்தில் வாயை வைத்தான். கண்ணாடியின் மின்சாரத்தில் நெற்றி முடி நாலைந்து தூக்கிக்கொண்டு நின்றது. உதடு அசைந்தது. அவள் பார்த்தாள், பல மாதமாகப் பார்க்கிறாள், வெறுமனே திறந்து மூடுகிற வாய் இல்லை அது, ஒரு வடிவத்துக்குக் குவிகிறது, அப்புறம் வேறொன்றுக்கு விரிகிறது, சத்தம் மட்டும் இல்லை, கண்ணாடியில் ஆவி படிகிறது. “கேட்டுடுச்சு” என்றது பெட்டி. பிள்ளை திருப்தியாகத் திரும்பி வந்து உட்கார்ந்தான். அவனுக்கு வேலை முடிந்துவிட்டது. அவன் சொல்லிவிட்டான், அப்பா கேட்டுவிட்டார், இதற்கு மேல் யார் எதற்குப் பேச வேண்டும்? இதை அவரிடம் சொன்னபோது, “எல்லாப் பிள்ளையும் டிவிய நக்கத்தான் செய்யும்” என்றார் செய்தித்தாளை இறக்காமல். ஒரு தரம் வந்து பாருங்க என்றாள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு அசதி என்றார். அவருடைய நிகழ்ச்சியை அவருடைய பிள்ளை பார்ப்பதை அவர் பார்த்ததே இல்லை. நேரே கிட்டே போய் அந்தக் குரலில், டிவிக் குரலில், வேலா உள்ளே என்னடா இருக்கு என்று இந்தக் கூடத்தில் ஒருநாள் கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? வீட்டுக்கு வேறே குரல். சாப்பாடு எடுத்து வை, ஃபேனைக் குறை, அவனை அங்கிட்டுக் கூட்டிட்டுப் போ.

ஒரே ஒரு தரம் டாக்டரிடம் வந்தார். காது நல்லாக் கேக்குதுங்க, மூளையிலும் ஒண்ணும் இல்லை, பயிற்சி கொடுத்துப் பார்க்கலாம், ஆனா அம்மா அப்பா ரெண்டு பேருமே வரணும் என்று அந்த டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். காத்திருக்கிற இடத்தில் இவர் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தார், திருடன் மாதிரி, அதனாலேயே எல்லாரும் பார்த்தார்கள். ஒரு சின்னப் பெண் கூடை மாமா என்று கத்தியது, அவ்வளவுதான், நாற்காலிகள் எல்லாம் எழுந்துவந்து சூழ்ந்துகொண்டன. பேசாத பிள்ளைகளின் அம்மாக்கள். ஒருத்தி அழுதேவிட்டாள், சார் இவன் தலையில கை வைங்க சார் என்றாள். வைத்தார். வரிசையாக வைத்துக்கொண்டே போனார், ஒவ்வொன்றுக்கும் குனிந்து, ஒவ்வொன்றுக்கும் அந்தக் குரல். அப்புறம் ஒருத்தி கேட்டாள், நீங்க எங்க சார் இங்க? வடிவு இரண்டு நாற்காலி தள்ளி வேலாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் அவள் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு எவ்வளவு கவனம் தேவையோ அவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை. “நிகழ்ச்சி விஷயமா டாக்டரம்மாவைப் பார்க்கணும்” என்றார். வடிவு என்ன செய்தாள்? எழுந்து நின்று இவர் என் வீட்டுக்காரர் என்று சொன்னாளா? பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போட்டாள், கழற்றினாள், போட்டாள். எனக்குத்தான் அசிங்கம், உனக்கென்ன. சரி, அன்றைக்கு அசிங்கம் யார் மடியில் உட்கார்ந்திருந்தது?

குளியலறைக் கதவு திறந்து சந்தன சோப்பு வாசனை வந்தது. “இன்னும் இங்கதான் இருக்கானா?” என்றார். அவள் திரையைப் பார்த்தாள். “ஏட்டி, உன்கிட்டத்தான் கேக்கேன்.” “பத்மா வீட்டுல விருந்தாளி” என்றாள். பொய். பத்மா, அய்யோ பாவம் என்ற சொல்லை இட்லிக்குச் சட்னி மாதிரி வைத்திருக்கிறவள், அவளிடமா இவனை விடுவது? “அப்ப உள் ரூம்ல வச்சுக்கோ. சத்தம் போடாமப் பாத்துக்கோ” என்றார். சத்தம் போடாமல். அவன் சத்தம் போடாமல். இதைக் கேட்டு யாராவது சிரிக்க வேண்டும், வேறே ஆள் இல்லாததால் அவளே சிரித்தாள், அவர் வேட்டியின் கரையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். கான்வென்டில் சேர்த்த புதிதில் அவளும் இப்படித்தான் இருந்தாள். தமிழ் பேசினால் கழுத்தில் ஒரு அட்டை, சாயங்காலம் வரைக்கும் அதோடு திரிய வேண்டும், ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது, அதனால் வாயை மூடிக்கொண்டாள், ஒரு பருவம் பூராவும். மந்தம் என்று சிஸ்டர் எழுதி அனுப்பினாள். பெரிய வகுப்பில் அதே மந்தம்தான் பேச்சுப் போட்டியில் பதக்கம் வாங்கியது, அதே சிஸ்டர்தான் கழுத்தில் மாட்டிவிட்டாள், அட்டை கிடந்த அதே கழுத்து. ஆகவே வாய் மூடிக்கொள்ளுவது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தெரியாது. அவள் மூடியது பயத்தில். இவன் முகத்தில் பயம் இல்லை. இவன் எதையோ எதிர்பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறான், பஸ் வரும் என்று இருக்கிறவன் மாதிரி. அவளுக்கு நாற்பத்தொன்றில் பிறந்தவன். இவனுக்கு இருபது ஆகும்போது அவளுக்கு, வேண்டாம், அந்தக் கணக்கு வேண்டாம், எல்லா நினைப்பும் கடைசியில் அந்தக் கணக்கின் வாசலில் போய் நிற்கிறது, வேண்டாம். தோசை ஆறுகிறது.

“மதினி” என்று குரல் கொடுத்துக்கொண்டே கொழுந்தன் கல்யாணி வந்துவிட்டான், கையில் நிவேதா, பட்டுப்பாவாடை, நெற்றிச்சுட்டி, நவராத்திரிக் கொலுவில் வைக்கலாம். “பெரியம்மா, நான் புக்ல வரப்போறேன்” என்றது அது. வாய். இரண்டரை வயதிலிருந்து மூடாத வாய். “வா கண்ணு” என்றாள், அதன் மேல் என்ன கோபம். கல்யாணி குரலைத் தாழ்த்தி, “அண்ணன் கேட்டான், தட்ட முடியல மதினி, தப்பா எடுத்துக்கிடாதிய” என்றான். “நீ என்னப்பா செய்வ, பாவாடை நல்லா இருக்கு, எங்க எடுத்தது?” என்றாள். அவன் பெட்டியின் முன்னால் இருந்த வேலாவைப் பார்த்தான், பார்க்காத மாதிரி செருப்பைக் கழற்றப் போனான். அழைப்பு மணி அடித்தது. ஒரு பெண், ஜீன்ஸ், தோளில் பை, கல்லூரி முடித்து ஒரு வருஷம் ஆகியிருக்கும், அவளுக்குப் பின்னால் காமிராவோடு ஒரு தம்பி. “சார், உங்க ப்ரோக்ராம் எங்க அக்கா பையனுக்கு உயிர் சார்” என்றாள் வாசலிலேயே. உயிர். வடிவு குனிந்தாள், வேலாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். அவளேதான் தூக்கினாள். அவன் கனத்தான், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் அவள் தோளுக்கு மேலாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தான், கால் உதைக்கவில்லை, உதைத்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். உள்ளறையில் இறக்கிவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். வேலைக்காரி இல்லாத வீட்டில் துவைக்காத துணியை இப்படித்தான் விருந்தாளி வந்தால் உள்ளே தள்ளுவாள், அவசரமாக, காலால்.

வேலா கதவில் காதை வைத்தான். பெட்டிக்குள்ளிருந்தும் அந்தக் குரல் வந்தது, கூடத்திலிருந்தும் அந்தக் குரல் வந்தது, இரண்டும் அதே குரல், கூடத்தில் அவர் இப்போது டிவிக் குரலில்தான் பேசினார். பிள்ளை கதவைத் தடவினான், மேலே, கீழே, குரல் எந்த இடத்திலிருந்து வருகிறதென்று தேடுகிற மாதிரி. இந்த வீட்டில் முதல் தடவையாக அந்தக் குரல் பெட்டிக்கு வெளியே இருக்கிறது. அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவனுக்கு உடம்பெல்லாம் நடுங்கியது, குளிரில் நடுங்குகிறதில்லை, சாமி வருகிறதற்கு முன்னால் சிலருக்கு நடுங்குமே அப்படி. அவள் மண்டியிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். வாய் குவிந்தது. கண்ணாடி இல்லாமல் குவிந்தது. ஒரு மூச்சு வந்தது, மூச்சுக்கு அடியில் கரகரவென்று ஏதோ ஒன்று, தொண்டையின் அடியில் ஒரு சக்கரம் சுற்றத் தொடங்கி நின்றது போல. இவள் கற்பனையா, பாழாய்ப்போன ஆசையா, தெரியாது. அப்பாவைப் பார்த்தால் வரும். இப்போது, இந்தக் குரலோடு, நேருக்கு நேரே. வராமலும் போகும். போனால் அத்தனை பேர் முன்னாலும் போகும், அதை இவர் ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டார். கூடத்தில் அந்தப் பெண் கேட்டாள், “இது உங்க பாப்பாவா சார்? ஸோ ஸ்வீட்.” கல்யாணியின் செருமல். அப்புறம் அவர், குழைந்து, கனிந்து: “நம்ம வீட்டுப் பிள்ளைதாங்க.” பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கோர்ட்டில் நிறுத்தினாலும் நிற்கும். இதற்கு அவர் காலையிலிருந்து குளியலறையில் பயிற்சி செய்திருக்க வேண்டும். ம்ம், ம்ம்ம், ஆ. எனக்கென்ன என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தாள், கதவைப் பார்த்து, உதட்டளவில். சொல் வந்தது, வந்த சொல்லுக்குள் ஒன்றும் இல்லை. தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை, அதைப் பிடித்துக் கதவை இழுத்துத் திறந்தாள்.

கூடத்தில் வெளிச்சம் அதிகமாக இருந்தது, அந்தத் தம்பி ஒரு விளக்கை நிறுத்தியிருந்தான். அவர் தரையில் சம்மணம் போட்டிருந்தார், மடியில் நிவேதா, பின்னால் பெட்டியில் மஞ்சள் ஜிப்பா. வேலா அவள் கையை விட்டுவிட்டு நடந்தான். பெட்டிக்குப் போகவில்லை. பெட்டியைத் தாண்டி, விளக்கின் ஒயரைத் தாண்டி, அப்பாவுக்கு முன்னால் போய் நின்றான். நின்று அவர் முகத்தைப் பார்த்தான், உட்கார்ந்திருந்ததால் இரண்டு முகமும் ஒரே உயரத்தில் இருந்தன. அவர் முகத்தில் டிவிச் சிரிப்பு அப்படியே இருந்தது, மாற்றிக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை, ஆனால் கண் இரண்டும் அவளைப் பார்த்தன, உள்ளே கூட்டிட்டுப் போ என்ற கண். “பெரியப்பா, வேலா அண்ணன்” என்றது நிவேதா. அதை யாரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பத்திரிகைக்காரப் பெண் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நல்ல மாதிரியாகத்தான் சிரித்தாள், “மேடம், இந்தத் தம்பி யாரு?” வடிவுக்குப் பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஐந்து வருஷமாக அவளே சொல்லிவருகிற பதில், டாக்டரிடம், பள்ளிக்கூட வாசலில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம். இன்றைக்கு அது அவள் சொல்ல வேண்டியது இல்லை. வேலாவின் வாய் குவிந்திருந்தது, இன்னும் குவிந்தே இருந்தது, முன்னால் இருந்த மனிதர் ஏதாவது சொல்லட்டும் என்று.

“ஏங்க, இவன் யாருன்னு கேக்காங்க” என்றாள். “நீங்க சொல்லுங்க.”

கல்யாணி காலண்டரைப் பார்த்தான். காமிராத் தம்பி அவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், காமிராவை இறக்கினான்.

“அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க” என்றாள் வடிவு.